நூற்றில் ஒருவர்

பெங்களூருவில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பு வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளனர். தண்ணீர் லாரி எப்போது வரும், மின்தூக்கி எப்போது சரியாகும் என்று கேட்போர் பலர். விடையளிப்பவர் மட்டும் எப்போதும் ஒருவரே. பணி ஓய்வு பெற்ற பெரியவர். சென்ற கோடையில் ஒரு நாள் லாரி வரத் தாமதமாயிற்று. யாரோ ஒருவர் அவரைக் கடிந்து எழுதினார். அன்றிரவே பெரியவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். அடுத்த பத்து நாட்களில்தான் குழு என்று நாங்கள் எண்ணியிருந்தது எது என்பது எங்களுக்குப் புரிந்தது.

இணையக் குழுக்களின் இயல்பே இதுதான். நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு நின்றுவிடுவர், 9 பேர் எப்போதேனும் பங்களிப்பர், எஞ்சிய ஒருவரே பெரும்பாலான பணியைச் செய்வார் என்று டென்மார்க்கைச் சேர்ந்த இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். இது துல்லியமான கணக்கன்று; தோராயமான அளவுகோலே. ஆயினும் குழு நடத்துவோர் பெரும்பாலும் அந்தத் தொண்ணூறு பேரை எப்படிப் பேச வைப்பது என்றே கவலை கொள்கின்றனர். அந்த ஒருவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்ற வினா எழுவதேயில்லை.

இவ்வினாவுக்கு விடை தேட ஏற்ற இடம் விக்கிப்பீடியா. 2001-இல் தொடங்கிய இக்கலைக்களஞ்சியத்தில் எழுதுவோருக்கு ஊதியம் இல்லை. கட்டுரையின் தலைப்பில் அவர்தம் பெயரும் இடம்பெறுவதில்லை. அங்கு 2003 முதல் ஒரு வழக்கம் நிலவுகிறது. ஒருவருடைய உழைப்பைப் பாராட்ட விரும்பும் எவரும், அவருடைய பேச்சுப் பக்கத்தில் விண்மீன் வடிவப் பதக்கம் ஒன்றின் படத்தை இட்டு, இன்ன காரணத்திற்காக என்று இரண்டு வரி எழுதலாம். அமெரிக்க உழவர்கள் களஞ்சியச் சுவர்களில் பதிக்கும் விண்மீன் அணியே அதற்கு முன்மாதிரி. காசு மதிப்பு ஏதும் அதற்குக் கிடையாது.

இப்பதக்கத்தால் பயன் உண்டா என்று மைக்கேல் ரெஸ்டிவோ, ஆர்னவுட் வான் டி ரெய்ட் என்னும் ஆய்வாளர்கள் சோதித்தனர். ஆங்கில விக்கிப்பீடியாவில் மிகுதியாக உழைக்கும் ஒரு விழுக்காட்டினரிலிருந்து 200 பேரைத் தேர்ந்து, அவர்களுள் பாதிப்பேருக்கு மட்டும் பதக்கம் அளித்தனர். அடுத்த 90 நாட்களில், பதக்கம் பெற்றோர் பெறாதோரைவிட 60 விழுக்காடு கூடுதலாகப் பங்களித்தனர். 2012-இல் இம்முடிவு வெளியாயிற்று. முகமறியாத ஒருவர் எழுதிய இரண்டு வரிக்கு இவ்வளவு வலிமையா என்று வியப்பே தோன்றுகிறது. பின்னர் அவர்களே செய்த மற்றொரு சோதனை இன்னும் சுவையானது. சற்றுக் குறைவாக உழைப்போருக்கும் அதே பதக்கத்தை அளித்துப் பார்த்தனர். அவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை. உழைத்தவருக்குத் தம் உழைப்பின் அளவு தெரியும். பொருந்தாத புகழ்ச்சி அவரை அசைப்பதில்லை என்றே நான் பொருள் கொள்கிறேன்.

அப்படியெனில் மூத்தோரை மட்டும் பேணினால் போதுமா? போதாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதந்தோறும் ஊக்கமாகப் பங்களிப்போரின் எண்ணிக்கை 2007-இல் ஐம்பதாயிரத்தைக் கடந்து உச்சம் தொட்டது. அதன்பின் பல ஆண்டுகள் சரிந்தது. விஷமிகளின் கைவரிசையை நீக்க மூத்தோர் தானியங்கிக் கருவிகளைக் கையாளத் தொடங்கினர். அக்கருவிகள், நல்லெண்ணத்தோடு வந்து தவறு செய்த புதியவர்களின் எழுத்தையும் நொடியில் அழித்தன. காவல் காக்க வந்தவர்களே கதவை அடைத்துவிட்ட கதை அது. பிழை உணர்ந்து, புதியவர் தயக்கமின்றி ஐயம் கேட்கத் 'தேநீர் இல்லம்' என்ற பக்கத்தை 2012-இல் அமைத்தனர். ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் யானா காலுஸ் நடத்திய ஆய்வும் கருதத்தக்கது. முதன்முறை எழுதவந்தோருக்கு ஒரு சிறு விருது அளித்தபோது, அடுத்த மாதமும் தொடர்ந்து எழுதுவோர் விகிதம் 20 விழுக்காடு உயர்ந்தது.

தமிழ் விக்கிப்பீடியாவின் வரலாறு நம்மவர் அறிய வேண்டிய ஒன்று. 2003-இல் அது தொடங்கிய காலத்தில் எழுதியோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து அபுதாபியில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அன்றாடம் எழுதிக்கொண்டே இருந்தார். ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அவர் தொடங்கியவை. ஆயினும் ஒருவர் தோளில் அது நின்றுவிடவில்லை. புதிதாகப் பதிவு செய்பவரின் பக்கத்தில் 'வாருங்கள்' என்ற வரவேற்பு காத்திருக்கும். பொதுவான உரையாடலுக்கு அமைந்த பக்கத்தின் பெயரே 'ஆலமரத்தடி'. பங்களிப்பாளர்களை முதற்பக்கத்திலேயே அறிமுகம் செய்யும் வழக்கமும் ஏற்பட்டது. கட்டுரைகளின் எண்ணிக்கை 2017-இல் ஒரு லட்சத்தை எட்டியது. மயூரநாதனுக்கு 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் வழங்கியது. வெளியுலகின் பாராட்டு வந்து சேரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின; உள்ளிருந்தோரின் நன்றி அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிட்டது.

வாடிக்கையாளர்களுக்கென்று இணையக் குழு நடத்தும் சிறு வணிகர்களும், சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பாளர்களும் பரிசுக் கூப்பன்களை அறிவிக்கும் முன் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். 'அனைவருக்கும் நன்றி' என்பது எவர் காதிலும் விழுவதில்லை. 'சென்ற வாரம் மூவருடைய ஐயத்தை நீங்கள் தீர்த்து வைத்தீர்கள்' என்று ஒருவருக்குத் தனியே எழுதினால் அவர் அதை மறக்கமாட்டார். நன்றியைவிட முக்கியம் சுமையைப் பகிர்வது. நன்றாகச் செய்கிறார் என்பதற்காகவே எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது நம்மிடையே உள்ள பொல்லாத பழக்கம்.

எங்கள் வளாகத்துப் பெரியவரின் வீட்டிற்கு நாங்கள் நால்வர் நேரில் சென்றோம். கடிந்து எழுதியவரும் உடன் வந்தார். தேநீர் அருந்தியவாறே, இத்தனை நாளாக அவர் எப்படித் தகவல் திரட்டினார் என்று கேட்டோம். லாரி ஓட்டுநர்கள் ஐவரின் எண்களும், மூன்றாண்டுக் குறிப்பும் அடங்கிய நாட்குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். இப்போது அப்பணியை மூவர் பகிர்ந்துகொண்டுள்ளனர். பெரியவரும் குழுவுக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தம்மிடம் எதுவும் கேட்க வேண்டா என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.