அரைக் கிலோ பிளாஸ்டிக்குக்கு ஆறாயிரம் ரூபாயா?

போன மாதம் வீட்டுக்கு ஒரு டாங்கி மாடல் கிட் வந்தது. நிஜ டாங்கியில் 35இல் ஒரு பங்கு அளவு. பாகங்களை வெட்டியெடுத்து, பசை போட்டு ஒட்டிச் செய்கிற வகை. என் மனைவி டப்பாவில் இருந்த பிளாஸ்டிக் முழுவதையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, அரைக் கிலோகூட இல்ல. இதுக்கா ஆறாயிரம்?" என்றாள்.

நியாயமான கேள்வி. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததில் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், நாம் காசு கொடுப்பது பிளாஸ்டிக்குக்கு இல்லை, அச்சுக்கு. ஒவ்வொரு பாகத்தின் எதிர் வடிவத்தையும் உலோகக் கட்டிகளில் குடைந்து அச்சு செய்கிறார்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை அதற்குள் அழுத்தத்தோடு செலுத்தினால், கொஞ்ச நேரத்தில் பாகங்கள் கோர்த்த ஒரு சட்டம் வெளியே வரும். எங்கள் மென்பொருள் தொழிலும் இப்படித்தான். முதல் பிரதிக்குத்தான் மொத்தச் செலவும். அடுத்தடுத்த பிரதிகளுக்கு அதிகம் ஆகாது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஆராய்ச்சி, வரைபடம், அச்சு எல்லாம் சேர்த்து ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 பெட்டி விற்றால் ஒரு பெட்டியின் தலையில் 200 ரூபாய். 10,000 என்றால் 1,000. வெறும் 2,000 பெட்டிதான் போகும் என்றால் 5,000. பிளாஸ்டிக் அதேதான், வகுக்கும் எண்தான் வேறு.

இந்த எண்ணில் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ஷிசுவோகாவில் ஒரு கதை இருக்கிறது. தமியா நிறுவனம் 1946இல் மரம் அறுக்கும் தொழிலில் தொடங்கி, பிறகு மரத்தில் மாடல்கள் செய்துவந்தது. 1960இல் தன் முதல் பிளாஸ்டிக் கிட்டாக யமாட்டோ போர்க்கப்பலை வெளியிட்டது. போட்டி நிறுவனமும் அதே கப்பலோடு சந்தையில் நிற்க, அந்த விலைக்கே, அதாவது 350 யென்னுக்கே விற்க வேண்டியதாயிற்று. அச்சுக்குப் போட்ட காசு திரும்பவில்லை. மறுபடி மரத்துக்கே போக வேண்டிய நிலை.

அவர்களைத் தூக்கி நிறுத்தியது ஒரு டாங்கிதான். ஜெர்மனியின் பாந்தர். மோட்டார் வைத்தது, தரையில் ஓடும். டப்பா மேல் ஓவியர் ஷிகேரு கொமாட்சுசாகி வரைந்த படம். நன்றாக விற்றது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. பிறகு அளந்து பார்த்தபோது, சுமாராக நிஜத்தில் 35இல் ஒரு பங்கு வந்ததாம்! அடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்தார்கள். அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒரே அளவு வேண்டும், இல்லையா? அதனால் மற்ற நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன.

சரி, ஒரு டாங்கியை எத்தனை பேர் வாங்குவார்கள் என்று எப்படித் தெரியும்? டைகர் என்றால் கவலையே இல்லை. 1989இல் தமியா வெளியிட்ட டைகர் பல பத்தாண்டுகள் கடந்தும் விற்பனையில் இருந்தது. அச்சுச் செலவு எப்போதோ கழிந்திருக்கும். ஷெர்மனுக்கு வேறு ஒரு வசதி. அதில் பல ரகங்கள் உண்டு. சக்கரங்கள் உள்ள சட்டத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு, மேல்பகுதியை மட்டும் மாற்றி இன்னொரு பெட்டி போடலாம். நாங்கள் பழைய நிரலை மறுபடி பயன்படுத்துவோமே, அதுபோல.

அதிகம் பேர் கேட்காத டாங்கிதான் சிக்கல். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கிக்குப் புதிய அச்சில் ஒரு நல்ல கிட் வரவேண்டும் என்று ஆர்வலர்கள் பல வருஷம் காத்திருந்தார்கள். போரின் நூற்றாண்டு வந்ததும் 2014-15 வாக்கில் தமியா, தாகோம் என்று இரண்டு நிறுவனங்கள் அடுத்தடுத்து இறக்கின. தமியாவினுடையதில் மோட்டார்கூட உண்டு. நமக்குக் கொண்டாட்டம்தான். விற்கிறவருக்கோ வகுக்கும் எண் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. யமாட்டோ கதைதான் மறுபடியும்.

ஆண்டுத் தொடக்கத்தில் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி, மே மாதம் ஷிசுவோகா கண்காட்சி. அங்கே புதுக் கிட்டுகள் அறிவிக்கப்படும்போது நாம் போடும் கூச்சலை வெறும் ஆர்வம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. காத்திருப்பவர்களின் எண்ணிக்கைதான் அந்த வகுக்கும் எண். கூச்சல் போட்டுவிட்டு, "விலை குறையட்டும்" என்று எல்லாரும் ஒதுங்கி நின்றால், அடுத்த அரிய டாங்கிக்கு யாரும் அச்சு வெட்ட மாட்டார்கள். ஆகவே என் முடிவு இது: டைகர் மாதிரி எப்போதும் கிடைப்பதற்கு அவசரப்படுவதில்லை. அபூர்வமான டாங்கி வந்தால், நிஜமாகவே செய்யப் போகிறேன் என்றால் மட்டும், முழு விலை கொடுத்து உடனே வாங்குவது.

இதையெல்லாம் மனைவியிடம் விளக்கிச் சொன்னேன். "ஆறாயிரம் பிளாஸ்டிக்குக்கு இல்ல, அந்த அச்சுல என்னோட பங்கு" என்று முடித்தேன்.

"சரிங்க. அலமாரியில ஏற்கெனவே பதினோரு பங்கு பிரிக்காம கிடக்குதே, அதை எப்பப் பிரிக்கப் போறீங்க?"

அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.