எறும்பின் படமும் ஊசிப் பரிசோதனை ஸ்லைடும்

விடுமுறை நாள்களில் நான் எறும்புகளைப் படம் பிடிப்பதுண்டு. லென்ஸை மிக அருகே கொண்டுசென்றால், தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்கிவிடும். துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும். மிகவும் சுருக்கினாலோ ஒளி வளைந்து படம் முழுவதுமே மழுங்கும். ஆகவே ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி 30, 40 படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் கணினியில் இணைக்க வேண்டும். இதற்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று பெயர். அதுவரை எறும்பு அசையாதிருக்க வேண்டுமே, அது தனிப் பாடு!

நோயியல் மருத்துவரான எனக்கு நுண்ணோக்கியிலும் இதே சிக்கல்தான். 40 மடங்கு லென்ஸில் தெளியும் ஆழம் ஏறத்தாழ 1 மைக்ரான். கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி ஸ்லைடில் தடவிய செல்களோ பல அடுக்குகளாகக் குவிந்து கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு உட்கருக்கள், ஒரே தளத்தில் நோக்கினால், பெரிய கருத்த ஓர் உட்கருவாகத் தோன்றிப் புற்றுநோயோ என்ற ஐயத்தை எழுப்பக்கூடும். திருகை மேலும் கீழும் உருட்டினால்தான் இரண்டும் பிரிந்து தெரியும்.

இரண்டாம் கருத்துக் கேட்போர் பலர் ஸ்லைடின் படத்தைக் கைப்பேசியில் அனுப்புகின்றனர். அதில் இருப்பது ஒரே ஒரு தளம். அதை வைத்து முடிவு கூற என்னால் இயலாது. பரிசோதனைக் கூடத்தில் கேட்டு ஸ்லைடுகளையே பெற்று வாருங்கள். திசுப் பரிசோதனையானால் மெழுகுக் கட்டியையும் கொண்டு வாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் அதை வைத்துவிடாதீர்கள்.