ஒரு பொருள் குறித்த பல சொல்: ஆங்கிலத்தின் நுண்வேறுபாடுகள்

ஆங்கிலத்தில் கேட்பதைக் குறிக்க ஆஸ்க், கொஸ்டியன், இன்டராகேட் என மூன்று சொற்கள் உண்டு. வழி கேட்பவருக்கு முதல் சொல் போதும். சொன்னதில் சந்தேகம் வந்து துருவிக் கேட்டால் இரண்டாவது. மூன்றாவது போலீஸ் விசாரணைக்கு உரியது.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் வரலாறு. ஆஸ்க், மண்ணின் மக்கள் பேசிய பழைய ஆங்கிலச் சொல். 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின் அரசவையில் பிரெஞ்சு கோலோச்சியது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று சட்டம் வரவே 1362 ஆயிற்று. கொஸ்டியன் அந்தப் பிரெஞ்சின் வழியே வந்தது. இன்டராகேட், கற்றோர் லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டது. கிங்லி, ராயல், ரீகல் ஆகியவையும் இதே வரிசைதான்.

தொழுவத்தில் நிற்பது கௌ, தட்டுக்கு வந்தால் பீஃப். வளர்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் நார்மன் என்ற விளக்கத்தைப் பரப்பியது வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவல். கேட்க நன்றாக இருந்தாலும் அது முழு உண்மையல்ல. பீஃப் என்பது நெடுங்காலம் உயிருள்ள மாட்டையும் குறித்தது. இந்தப் பிரிவினை பிறகுதான் இறுகியது. பிரெஞ்சு வழி வந்த மட்டன் இங்கிலாந்தில் செம்மறியின் கறி. நம் ஊரிலோ வெள்ளாட்டுக் கறியும் மட்டன்தான்.

ஒரே வேரில் பிறந்தும் பிரிந்த சொற்களில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நாள் முழுதும் விட்டு விட்டுப் பெய்யும் மழை கன்டினியுவல்; இடைவிடாமல் கொட்டினால் கன்டினியுவஸ். பழைய ஆவணம் எதுவும் ஹிஸ்டாரிகல். 1215-இன் மேக்னா கார்ட்டா போலக் காலத்தைத் திருப்பியது மட்டுமே ஹிஸ்டாரிக். எக்கனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எக்கனாமிகல் என்றால் சிக்கனமானது.

பீட்டர் மார்க் ரொஜே 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் ஒத்த சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கித் தருகிறது, வேறுபாட்டை விளக்குவதில்லை. அதில் அழகாகத் தெரியும் சொல்லை அப்படியே எடுத்தாளும் மாணவர் சறுக்குவது இதனால்தான். அதற்கு முன்பே, 1816-இல், ஜார்ஜ் க்ராப் அந்த வேறுபாடுகளை விளக்கவென்றே ஒரு நூல் எழுதியிருந்தார்.

அப்படி விளக்கம் தேவைப்படும் இணை என்வி, ஜெலசி. தமிழில் இரண்டையும் பொறாமை என்றே சொல்லிவிடுகிறோம். பிறரிடம் இருப்பது தனக்கு இல்லையே என்று வேகுவது என்வி. தன்னுடையதைப் பிறர் பறித்துவிடுவாரோ என்று பதறுவது ஜெலசி. பேச்சு ஆங்கிலத்தில் இந்தக் கோடு அழிந்து வருகிறது. எழுத்திலாவது அதைக் காப்பது நல்லது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மனைவியைச் சந்தேகித்துக் கொல்லும் ஒத்தெல்லோவை ஆட்டுவது ஜெலசி. தனக்குக் கிடைக்காத பதவி காசியோவுக்குப் போனதில் இயாகோ கொள்வது என்வி.