உழவனுக்கு ஓர் இரவுக் கூத்து

கிரான் போன்ற மட்டக்களப்பு ஊர்களிலே, பகலில் வயலில் நிற்கும் உழவனே இரவில் வட்டக்களரி ஏறி அரசனாய் ஆடுவதுண்டு. 2011 சனவரி வெள்ளத்திலே இம்மாவட்டத்து வேளாண்மை பெரிதும் அழிந்தது. விளைச்சலோடு போட்ட முதலும் போயிற்று.

கடனால் நிலமிழந்த உழவர்க்காக அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் முதலியோர் 1985 செப்டெம்பர் 22இல் இலினோய் மாநிலத்திலே 'ஃபார்ம் எய்ட்' இசைவிழா நடத்தினர். 70 இலட்சம் டொலருக்கு மேல் திரண்டது. அதனினும் பெரிது, உழவர் தம் துயரைக் காங்கிரஸ் சபையின் முன் எடுத்துரைத்ததே. நிலம் பறிபோகாது காக்க 1987ஆம் ஆண்டின் விவசாயக் கடன் சட்டமும் வந்தது.

அங்கே உழவனுக்காகப் பாடகன் பாடினான். இங்கே உழவனே பாடகன். ஓர் இரவுக் கூத்தின் வசூலை வெள்ளம் கண்ட வயலுக்கு விதைநெல்லாக்க நாம் முன்வரலாகாதா?