பனிச்சறுக்கலும் மலையறிவும்



வானிலிருந்து வெண்பஞ்சுபோல் உதிர்ந்து நிலத்தை மூடும் பனியை நம்மிற் பெரும்பாலோர் நேரிற் கண்டதில்லை. இரு நீண்ட பலகைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு, அப்பனி மூடிய மலைச்சரிவில் வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கல். அதன் இன்பம் விரைவில் உள்ளது என்றே பலரும் எண்ணுவர். மலையை அறிவதிலேதான் அதனினும் பெரிய இன்பம் உள்ளது. அதனையே இன்று விளக்க விரும்புகிறேன்.

சறுக்குப்பலகை தோன்றியது விளையாட்டுக்காக அன்று. நோர்வே முதலிய வடநாடுகளில், வேட்டைக்கும் பயணத்துக்கும் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதனைப் பயன்படுத்தி வந்தனர். டெலிமார்க் பகுதியில் 1825இற் பிறந்த சோந்திரே நூர்ஹைம் என்னும் ஏழைக் குடியானவர், முறுக்கிய இளங்கிளைகளாற் குதிகாலையும் சுற்றிக் கட்டும் முறையைக் கையாண்டார். பலகை காலுக்கு அடங்கிற்று; வளைந்து திரும்புதலும் எளிதாயிற்று. 1888இல் நான்சன் என்னும் நோர்வே அறிஞர், ஐவர் துணைவரோடு கிறீன்லாந்தின் பனிப்பரப்பைப் பலகைகளின் உதவியாற் கடந்தார். அதுபற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் ஆர்வத்தைத் தூண்டியது.

ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கொனன் டொயில், நோயுற்ற மனைவியுடன் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலே தங்கியிருந்தார். 1894 மார்ச்சில் அவர் ஒரு மலைக்கணவாயைப் பலகைகளோடு கடந்து அரோசா என்னும் ஊரை அடைந்தார். வழிகாட்டியோர் டாவோஸ்வாசிகளான பிரங்கர் சகோதரர் இருவர். முந்திய ஆண்டிலேயே அவர்கள் அவ்வழியைக் கடந்திருந்தனர். பலகைகள் மூவரிடமும் இருந்தன. வழியை அறிந்தவர் அவ்விருவரே.

மலையை அறிதல் என்பது யாது? பனி எங்கும் ஒரே தன்மையுடையதன்று. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்திற் குவிக்கும். ஒரே முகட்டின் ஒருபுறம் பாறை தெரிய, மறுபுறம் பனி ஆழ்ந்து கிடக்கும். வடக்கு நோக்கிய சரிவில் வெயில் குறைவாதலால் பனி நெடுநாள் பொடியாகவே இருக்கும். இளவேனிலிலோ, இரவில் இறுகிய பனியின் மேற்பரப்பைக் காலை வெயில் சிறிதே இளக்கும். அதுவே சறுக்குதற்கு இனிய வேளை. அவ்வேளை முதலிற் கிழக்குச் சரிவிலும், பின்னர் தெற்கிலும், அதன்பின் மேற்கிலும் வாய்க்கும். ஆகவே, தேர்ந்தவன் சூரியனைப் பின்பற்றிச் சரிவுக்குச் சரிவு மாறுவான். வெயில் ஏறிவிட்டாலோ, அதே பனி சேறுபோலாகிச் சரியத் தொடங்கும்.

இவ்வறிவு உயிருக்கும் காவலாகும். இறுகிய பனிப்பாளத்தின் கீழே, சீனிமணிகள்போல் ஒன்றோடொன்று ஒட்டாத படை மறைந்திருத்தல் உண்டு. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவன் செல்லும்போது அப்படை நொருங்கினால், பாளம் முழுவதும் பெயர்ந்து சரியும். 1950-51 குளிர்காலத்திற் சுவிற்சர்லாந்தில் மாத்திரம் 98 பேர் பனிச்சரிவுகளால் மாண்டனர். பலர் தம் வீடுகளிலேயே புதையுண்டனர். சறுக்கச் சென்று மாள்வோரிற் பெரும்பாலோர்மீது விழும் பனியோ, அவராலோ உடன்சென்றோராலோ அசைக்கப்பட்டதேயாகும்.

டாவோஸுக்கு மேலேயுள்ள மலையில் 1936இற் பனி ஆராய்ச்சி தொடங்கிற்று. அங்கு வளர்ந்த ஆய்வு நிலையம், குளிர்காலத்தில் நாள்தோறும் அபாய நிலையை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கிறது. ஆயினும், காலடியிற் கிடப்பதைச் செல்பவனே காணவேண்டும். ஏறும்போது பலகையின் அடியில் உரோமப்பட்டை ஒட்டப்படும். பின்னோக்கிப் படிந்த உரோமம் பலகையைப் பின்னே வழுக்கவிடாது. அவ்வாறு மெல்ல ஏறும் மணிநேரங்களிலேயே அவன் பனியின் இயல்பைக் கற்கிறான். காலடிப் பனி மந்தமாக முழங்கித் தாழ்ந்தால், உச்சி அருகில் இருப்பினும் அவன் திரும்பிவிடுவான்.

மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்த எனக்கு, அத்திரும்புதல் தோல்வியாகத் தோன்றவில்லை. கற்ற பாடத்தை உரிய வேளையில் நினைந்தவன் அவன். மலை அங்கேயே இருக்கும். அடுத்த பனிக்காலத்தில் அவன் மீண்டும் வரலாம்.