ஐமேக்குக்கு ஒரு ஜோடித் திரை

உழவு மாடுகளில் ஒன்றை இழந்துவிட்டு, எஞ்சிய ஒற்றைக்கு ஜோடி தேடிச் சந்தைக்குப் போகும் குடியானவன், அங்கே கட்டியிருக்கும் மாடுகளில் வாட்டசாட்டமானது எது என்று பார்ப்பதில்லை. தொழுவத்தில் நிற்கும் தன் மாட்டின் உயரத்தையும் நடையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அதோடு ஒரே நுகத்தடியில் ஒத்து நடக்கக்கூடியது எது என்றே பார்க்கிறான். மேஜைமேல் ஏற்கெனவே நல்லதொரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் வைக்க இரண்டாவது மானிட்டர் வாங்கப் புறப்படுகிறவரிடம் இந்த விவேகம் அவ்வளவாகக் காணப்படுவதில்லை. அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களையும் விலையையும் ஒத்துப் பார்த்து, உள்ளவற்றில் சிரேஷ்டமானது என்று தோன்றுவதை வாங்கி வந்து, இரண்டையும் அருகருகே நிறுத்திய பிறகுதான், தனித்தனியே பார்த்தால் யாதொரு குறையும் சொல்ல முடியாத இரண்டு திரைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றின் குறையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும் என்ற விஷயம் அவருக்கு அர்த்தமாகிறது.

இந்தப் பொருத்தம் பார்க்கும் வித்தையை விளக்குவதற்கு 27 அங்குல ஐமேக்கைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. 2009-இல் வந்த 27 அங்குல ஐமேக்கின் திரையில் அகலவாட்டில் 2560, உயரவாட்டில் 1440 ஆக, ஏறக்குறைய 36 லட்சத்து 86 ஆயிரம் பிக்சல்கள் இருந்தன. 2014 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘ரெட்டினா 5கே’ ஐமேக்கில், திரையின் அளவு மாறாமலே, அகலத்தில் 5120, உயரத்தில் 2880 என்று பிக்சல்கள் பெருகி, மொத்தம் 1 கோடியே 47 லட்சத்தைத் தாண்டின. அதாவது, முன்பு ஒரு புள்ளி நின்ற இடத்தில் இப்போது சரியாக நான்கு புள்ளிகள் நிற்கின்றன. ‘சரியாக’ என்ற இந்தச் சொல்லில்தான் சூட்சுமமெல்லாம் அடங்கியிருக்கிறது. பழைய திரையில் ஒரு புள்ளிக் கனத்தில் இழுத்த கோடு புதிய திரையில் இரண்டு புள்ளிக் கனத்தில் விழுகிறது. பட்டன்களும் மெனுக்களும் எழுத்துக்களும் முன்பிருந்த அதே பரிமாணத்தில், ஆனால் நாலு மடங்கு நுட்பத்தோடு, பின்னம் என்ற தொல்லையே இல்லாமல் அமைகின்றன. அங்குலத்துக்குச் சுமார் 218 பிக்சல் என்ற இந்த அடர்த்தியை ஆப்பிள் அதன் பிறகு விடாப்பிடியாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறது: 2015-இல் வந்த 21.5 அங்குல 4கே ஐமேக்கும், 2019-இல் வந்த 32 அங்குல புரோ டிஸ்ப்ளேயும், 2021-இல் வந்த 24 அங்குல ஐமேக்கும் அளவில் வெவ்வேறானவையாயினும் அடர்த்தியில் சகோதரர்களே.

இனி, அதன் அருகில் கடையில் சகஜமாகக் கிடைக்கும் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை நிறுத்துவோம். 3840-க்கு 2160, ஆகச் சுமார் 83 லட்சம் பிக்சல், அங்குலத்துக்கு 163. எண்ணைக் கேட்டால் அற்பமானதாகத் தோன்றவில்லை. தனித்து வைத்தால் அழகான திரைதான். ஆனால், இரட்டிப்பு முறையில் பழகிய ஐமேக்கின் மென்பொருள் இதன்மேலும் அதே இரட்டிப்பைப் பிரயோகிக்கும்போது, ஐமேக்கில் மூன்று அங்குல அகலத்தில் இருக்கும் ஒரு படத்தைப் பக்கத்துத் திரைக்கு இழுத்துச் சென்றால் அது அங்கே நான்கு அங்குலமாக உப்பிவிடுகிறது. எழுத்துக்களும் அப்படியே பருத்துவிடுகின்றன. இது பிடிக்காமல், செட்டிங்ஸில் அளவைச் சுருக்கி இரண்டு திரைகளிலும் உருவங்கள் ஒரே பரிமாணத்தில் தோன்றும்படி செய்தாலோ, கம்ப்யூட்டரானது முதலில் 5120-க்கு 2880 என்ற பெரிய சித்திரத்தைத் தன் ஞாபகத்துக்குள் வரைந்து, பிறகு அதை 3840-க்கு 2160 என்ற சட்டத்துக்குள் நெருக்கி அடைக்க வேண்டியதாகிறது. நான்கு புள்ளிகளுக்குரிய சங்கதியை மூன்று புள்ளிகளுக்குள் பங்கிடும் இந்தக் காரியத்தில், ஐமேக்கில் இரண்டு புள்ளிக் கனத்தில் துலக்கமாக நின்ற கோட்டுக்கு இங்கே கிடைப்பது ஒன்றரைப் புள்ளி. அரைப் புள்ளி என்று உலகில் ஒன்று கிடையாதாகையால், ஒரு புள்ளி கறுப்பாகவும் அடுத்தது சாம்பல் நிறமாகவும் விழுந்து, கோட்டின் ஓரம் லேசாகக் கசிந்தாற்போல் தோன்றுகிறது.

தமிழ் எழுத்தை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புலப்படும். நம் எழுத்துக்களில் நேர்கோடு குறைவு, சுழிவும் வளைவும் அதிகம். பழைய 109 பிக்சல் அடர்த்தியில் ஒரு பிக்சலின் அகலம் 0.23 மில்லிமீட்டராக இருந்தபடியால், சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளிக்கு ஒரே ஒரு பிக்சல் கிடைத்தால் பெரிய காரியம். ‘ண’கரத்தின் சுழிகளுக்கு உள்ளே இருக்க வேண்டிய வெளுப்பு அடைபட்டு, ‘ன’கரமோ ‘ண’கரமோ என்று வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 218-இல் அதே புள்ளிக்கு நான்கு பிக்சல் கிடைக்கிறது, சுழிகள் திறந்துகொள்கின்றன. 163-இல் சுழிகள் திறந்துதான் இருக்கின்றன, ஆனால் விளிம்புகள் மங்குகின்றன. தமிழில் மெய்ப்பு திருத்துகிறவர்கள் இரண்டு திரைகளிலும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்தால் இதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை. ஐமேக்கின் இயங்குதளத்தில் 2018-இல் வந்த மோஹாவி என்னும் பதிப்பிலிருந்து, எழுத்தின் ஓரங்களை ஒரு பிக்சலுக்குள்ளிருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைக்கொண்டு மெருகேற்றும் பழைய உபாயத்தை ஆப்பிள் வழக்கத்திலிருந்து நீக்கிவிட்டதும், அடர்த்தி குறைந்த திரைகளுக்குப் பாதகமாகவே முடிந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. அங்கே 150 சதவீதம் என்று சொன்னால், நன்றாக எழுதப்பட்ட மென்பொருள்கள் நேராக அந்த அளவிலேயே வரைந்துகொள்கின்றன.

இதற்கு ஒரு ஆட்சேபம் கிளம்பலாம். கண் மருத்துவர்கள் 1862-இல் ஸ்னெல்லன் வகுத்த எழுத்துப் பலகையைக்கொண்டு நம்மைச் சோதிக்கும்போது நல்ல பார்வை என்று கொள்வது, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான நுட்பத்தைப் பிரித்தறிவதைத்தான். திரையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நுட்பம் 0.17 மில்லிமீட்டர், 4கே மானிட்டரின் பிக்சலோ 0.156 மில்லிமீட்டர்தான். ஆகவே தனிப் பிக்சலே கண்ணுக்குத் தெரியாதபோது, 218 அடர்த்தியின் 0.117 மில்லிமீட்டர்ப் பிக்சலுக்காக ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்? கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு கோட்டின் ஓரம் நேராக ஓடுகிறதா, அணுவளவு விலகுகிறதா என்பதை உணர்வதில் மனிதக் கண் அந்த வரம்பைக் காட்டிலும் பலமடங்கு கூர்மையானது. எழுத்து வாசிக்கையில் நாம் பிரயோகிப்பது பெரும்பாலும் அந்தக் கூர்மையைத்தான். எனவே என் அபிப்பிராயம் இது: நாள் முழுவதும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் 218-ஐ விட்டுக்கொடுக்கலாகாது, பக்கத்துத் திரையில் படம் பார்ப்பதும், மின்னஞ்சலைத் திறந்து வைப்பதும் மட்டுமே உத்தேசமானால் 4கே தாராளமாகப் போதும்.

அடர்த்தி ஒத்தது என்று தேடினால் 2024 வரை வந்தவை சொற்பமே. எல்ஜி நிறுவனம் ஆப்பிளோடு சேர்ந்து 2016-இல் அறிமுகப்படுத்திய 27 அங்குல அல்ட்ராஃபைன், ஆப்பிள் 2022 மார்ச்சில் வெளியிட்ட ஸ்டூடியோ டிஸ்ப்ளே, 2023-இல் வந்த சாம்சங் வியூஃபினிட்டி எஸ்9, 2024-இல் வந்த ஆசுஸ் புரோஆர்ட் ரகத்தில் ஒன்று ஆகிய இவையே முக்கியமானவை. ஸ்டூடியோ டிஸ்ப்ளே இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஆரம்ப விலை 1,59,900 ரூபாய் என்பதைக் கேட்டதும், அதற்கு இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கிவிடலாமே என்று நினைத்தவர்களைக் குற்றம் சொல்ல இயலாது.

விலையைச் சமாளித்தவரும் அடுத்தபடியாகத் தடுக்கி விழக்கூடிய இடம் கேபிள். 5120-ஐ 2880-ஆல் பெருக்கி, ஒரு பிக்சலின் நிறத்துக்கு 24 பிட் என்றும் விநாடிக்கு 60 தடவை என்றும் கணக்கிட்டால் விநாடிக்கு 21 கிகாபிட்டுக்குமேல் வருகிறது. 2014-இல் வழக்கிலிருந்த டிஸ்ப்ளே போர்ட் 1.2 என்னும் தடத்தில் உபயோகத்துக்குக் கிடைப்பதோ 17.28 கிகாபிட்தான். அந்தக் காலத்து டெல் 5கே மானிட்டர் ஒன்று, இதனாலேயே, ஒரே திரைக்கு இரண்டு கேபிள்களைக் கேட்டது. ஐமேக்கின் உள்ளே திரையை இயக்கும் சில்லை ஆப்பிள் தானே வடிவமைத்துக்கொள்ள நேர்ந்ததும் இதனாலேயே. தண்டர்போல்ட் 3 வந்து விநாடிக்கு 40 கிகாபிட் கொள்ளும் பாதை திறந்த பிறகுதான் ஒரே கேபிளில் காரியம் கைகூடிற்று. ஆகையால், 2014, 2015 மாடல் ஐமேக் வைத்திருப்பவர் மேற்சொன்ன மானிட்டர்களில் எதை வாங்கினாலும் ஒரே கேபிளில் அதன் முழு நுட்பத்தைப் பெற முடியாது. 2017-இலோ அதற்குப் பின்னரோ வந்த மாடலை வைத்திருப்பவர் பெறலாம். 2021-இல் வந்த 24 அங்குல ஐமேக்கிலோ, வெளியே இணைக்கக்கூடியது ஒரே ஒரு மானிட்டர்தான் என்ற வரம்பு உண்டு. 4கே வாங்குகிறவரும் இழுப்பறையில் கிடக்கும் பழைய ஹெச்டிஎம்ஐ கேபிளையோ அடாப்டரையோ மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, அது 1.4 தரத்தோடு நின்றுவிட்டதானால் விநாடிக்கு 30 தடவைக்குமேல் திரை புதுப்பிக்கப்படாமல், மவுஸின் அம்பு திக்கித் திக்கி நகரும்.

இரண்டு ஐமேக்குகளையே அருகருகே வைத்து ஒன்றை மற்றொன்றின் திரையாக்கிக்கொண்டால் ஜோடி அசலாகப் பொருந்துமே என்ற யோசனை சாமர்த்தியமானதுதான். 2009-இல் வந்த 27 அங்குல ஐமேக் முதல் 2014-இன் நடுப்பகுதி வரை வந்த சில மாடல்களில் அதற்கு வழி இருந்தது. 5கே மாடல்களில் ஆப்பிள் அதை அடைத்துவிட்டது.

நிறத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. ஐமேக் 2015-இன் பிற்பகுதியிலிருந்து பி3 என்னும் விசாலமான வர்ணப் பரப்பைக் காட்டுகிறது; மலிவான மானிட்டர்கள் பலவும் எஸ்ஆர்ஜிபி என்ற பழைய பரப்போடு நின்றுவிடுகின்றன. ஆயினும் இரண்டு திரைகளுக்குமிடையே முதலில் கண்ணை உறுத்துவது சிவப்போ பச்சையோ அல்ல, வெள்ளைதான். ஒன்றில் வெற்றுப் பக்கம் நீலம் பாய்ந்தும், மற்றதில் லேசாக மஞ்சள் பூத்தும் தோன்றும். கருவி வைத்து அளந்து இரண்டையும் 6500 கெல்வின் என்ற ஒரே வெண்மைக்குக் கொண்டுவந்த பின்னரும் வித்தியாசம் எஞ்சுவதுண்டு. ஏனெனில், பின்விளக்காக உள்ள எல்ஈடியும் அதன்மேல் பூசிய பாஸ்பரும் திரைக்குத் திரை வேறுபடுவதால் ஒளியின் உட்கூறுகள் வேறாகின்றன, கருவியின் கணக்கோ 1931-இல் நிர்ணயித்த ஒரு சராசரிக் கண்ணுக்குரியது, உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் உரியது அன்று. ஆகவே கடைசித் தீர்ப்பைக் கண்ணிடமே விடுவது உத்தமம். இரண்டு திரைகளையும் அரைமணி நேரம் எரியவிட்டு, சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்பத் தாமாக நிறம் மாற்றும் வசதிகளை நிறுத்திவிட்டு, இரண்டிலும் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, முதலில் பிரகாசம் மிகுந்ததைத் தணித்து மற்றதற்கு இணையாக்கிய பிறகு, வெளி மானிட்டரின் சொந்த மெனுவில் உள்ள சிவப்பு, பச்சை, நீல அளவுகளை ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்த்தால் வெள்ளையும் வெள்ளையும் ஒத்துப்போகும் இடம் அகப்பட்டுவிடும். ஐமேக்கின் திரையில் அத்தகைய மெனு கிடையாதாகையால், வளைந்துகொடுக்க வேண்டியது புதிதாக வந்ததுதான்.

பக்கத்தில் வைக்கும் திரையை நாம் நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. 27 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அதே 60 சென்டிமீட்டர் தூரத்தில் முதல் திரைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு, ஒரே நேர்கோட்டில் வைத்த இரண்டாம் திரையின் அப்பாலுள்ள ஓரம் 56 பாகைச் சாய்வில் தென்படும். விஏ ரகப் பலகையானால் அந்தச் சாய்வில் கறுப்பு வெளிறி நிறம் சோர்ந்துவிடும். ஐபிஎஸ் ரகமே ஏற்றது. அப்போதும் அதைச் சற்று உட்புறமாகத் திருப்பி வைக்க வேண்டும். உயரத்திலும் கவனம் தேவை: ஐமேக்கின் திரைக்கடியில் அகன்ற அலுமினிய மோவாய் ஒன்று உண்டு, அதன் ஸ்டாண்டு முன்னும் பின்னும் சாயுமேயன்றி ஏறி இறங்காது. மேஜையிலிருந்து ஒளிரும் பகுதியின் கீழ்விளிம்பு வரை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டு, ஏறி இறங்கும் ஸ்டாண்டு உள்ள மானிட்டராகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். ஸ்டூடியோ டிஸ்ப்ளேயில் அந்த ஸ்டாண்டுக்குத் தனி விலை. வாங்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும், பின்னால் மாற்ற இயலாது. எதிரே டியூப்லைட்டோ ஜன்னலோ இருக்குமானால் ஐமேக்கின் கண்ணாடிப் பளபளப்பும் சாம்சங்கின் மழுக்கிய பரப்பும் வெவ்வேறு விதமாகப் பிரதிபலிக்கும் என்பதும் கணக்கில் சேர வேண்டியதே.

27 அங்குல ஐமேக்கை ஆப்பிள் 2022 மார்ச்சில் விற்பனையிலிருந்து நீக்கிவிட்டது. உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் வருஷம் ஆக ஆகத் தளர்ந்தாலும் அந்தத் திரை இன்றைக்கும் முதல்தரமானதாகவே இருப்பதால், கைவேலையில் ஆர்வமுள்ள சிலர், கம்ப்யூட்டர் பலகையை அப்புறப்படுத்திவிட்டு, திரையை இயக்கும் கன்ட்ரோலர் போர்டு ஒன்றை வாங்கி உள்ளே பொருத்தி, பழைய ஐமேக்கைப் புதிய கம்ப்யூட்டரின் மானிட்டராக மாற்றிக்கொள்கிறார்கள். செலவு குறைவு, பொருத்தமும் குறைவில்லை. ஆனால் கண்ணாடி நான்கு ஓரங்களிலும் பசைப்பட்டையால் ஒட்டப்பட்டிருப்பதால் அதை மெல்ல அறுத்து எடுக்க வேண்டும், பவர் சப்ளையின் கெபாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். பழக்கமில்லாதவர்கள் அந்த வேலையை நல்ல மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைப்பதே உசிதம்.