கானாவுக்குப் போறீங்களா? கையைக் காட்டுங்க!

எங்கள் பக்கத்தில் 'பார்டர்' என்றால் முள்கம்பியோ துப்பாக்கியோ யாருக்கும் ஞாபகம் வராது. புரோட்டாதான் வரும்! குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியும் துவட்டாமலும் பிரானூர் பார்டருக்கு ஓடி வந்து இலை முன்னால் உட்காரும் கூட்டத்தை சீசனில் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது நிஜமாகவே பார்டர்தான். செங்கோட்டை அந்தப் பக்கத்து ராஜ்யத்தோடு இருந்தது. 1956 நவம்பர் 1-ல் நம்மோடு சேர்ந்ததும் எல்லை புளியரைக்கு நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் நகர மனசில்லாமல் புரோட்டாக் கல் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

புளியரை தாண்டி ஆரியங்காவு போக நம்மை யாரும் எதுவும் கேட்பதில்லை. 2020-ல் மட்டும் கேட்டார்கள். கொரோனா! இ-பாஸ் இல்லையென்றால் வண்டியைத் திருப்பு. "சொந்த மாமா வீட்டுக்குப் போறதுக்கு என்னத்துக்குவே பாஸு?" என்று எங்கள் தெருக்காரர் ஒருவர் செக்போஸ்ட்டில் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கே திரும்பினார். நோய் என்று ஒன்று வந்துவிட்டால் மாமா வீடும் வெளிநாடுதான்.

இந்த விஷயம் என் மைத்துனன் கானாவுக்குக் கிளம்பியபோது நன்றாகப் புரிந்தது.

அவன் தென்காசியில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறான். என்னைப் போலவே பி.காம். (எங்கள் குடும்பத்தில் பெண் எடுத்தாலும் கொடுத்தாலும் பி.காம்.தான்!) ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "தம்பி, கானா வரைக்கும் போயி தேக்குத் தடியை ஒரு பார்வை பாத்துட்டு வந்துரு" என்று சொல்லியிருக்கிறார், ஏதோ கடையம் வரைக்கும் போய்வரச் சொல்வது மாதிரி.

வீட்டில் ஒரே அமர்க்களம். என் மாமியார் கேட்டார்: "கானாவா? அது மெட்ராஸ்ல பாடுத பாட்டுல்லா மாப்ளே?"

இது மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற கானா. ஒருகாலத்தில் வெள்ளைக்காரன் 'தங்கக் கடற்கரை' என்று பெயர் வைத்திருந்த நாடு. 1957 மார்ச் 6-ல் சுதந்திரம் வாங்கியது. தலைநகரம் அக்ரா. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உங்கள் வீட்டுப் புது நிலைக்கதவு கானாத் தேக்காக இருக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்து ஆலைகளில் உடைக்கிற முந்திரிக்கொட்டை கானா, ஐவரி கோஸ்ட், பெனின் என்று எங்கிருந்தெல்லாமோ கப்பலில் வந்ததாக இருக்கலாம். சாமான்கள் சத்தமில்லாமல் வந்து போகின்றன. மனுஷன் போகும்போதுதான் கேள்வி, பதில், கையெழுத்து, முத்திரை எல்லாம்.

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் வெளிநாடு என்றால் வளைகுடாதான். எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் மெடிக்கல், ஸ்டாம்பிங், இ.சி.ஆர். என்று ஆளாளுக்கு வகுப்பு எடுப்பார்கள். அந்தப் பாடம் கானாவுக்குச் செல்லாது. இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்கள் வேலைக்குப் போகும்போது அரசாங்கத்தின் குடியேற்ற அனுமதி வாங்கவேண்டிய நாடுகள் மொத்தம் 18. சவூதி, குவைத், மலேசியா எல்லாம் அதில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றுகூடக் கிடையாது. "அப்ப ரொம்ப ஈஸி" என்று துள்ளாதீர்கள். அங்கே வேலை என்று சொல்லி உங்களை ஒருவர் ஏற்றிவிட்டால், நடுவில் நிறுத்தி 'சம்பளம் எவ்வளவு, கம்பெனி எது' என்று ஒப்பந்தத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம். அனுப்புகிறவரிடம் மத்திய அரசின் ஆள்சேர்ப்பு லைசென்ஸ் இருக்கிறதா என்பதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். விசிட் விசாவில் போய் 'அங்கே போய் மாத்திக்கலாம்' என்கிற வசனம் கேட்டால், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மைத்துனனுக்கு அந்தக் கவலை இல்லை. வியாபார விசா. டெல்லியில் கானாவின் தூதரகம் இருக்கிறது. காமன்வெல்த் நாடு என்பதால் 'ஹை கமிஷன்' என்று கௌரவமாகச் சொல்லவேண்டும். விண்ணப்பம், போட்டோ, ஆறு மாதமாவது உயிர் மிச்சமிருக்கும் பாஸ்போர்ட், அழைக்கிற கானா கம்பெனியின் கடிதம், அனுப்புகிற முதலாளியின் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், எங்கே தங்குகிறான் என்பதற்கு அத்தாட்சி. கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் புறப்படும் மாதத்தில் தூதரகம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதே உத்தமம். நைஜீரியா, பெனின், ஐவரி கோஸ்ட் எல்லாம் இணையத்திலேயே விண்ணப்பம் வாங்குகின்றன.

பட்டியலில் கடைசியாக ஒரு வரி இருந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். மஞ்சள் நிறத்தில் சின்னப் புத்தகம் மாதிரி ஒரு அட்டை.

இங்கேதான் வந்தார் ஏஜென்ட். ஊர், பேர் வேண்டாம். "ஊசியெல்லாம் எதுக்கு சார்? காய்ச்சல் வரும், கை வீங்கும். அட்டையை மட்டும் நான் வாங்கித் தந்துருதேன். முத்திரையெல்லாம் பக்காவா இருக்கும்" என்றார். மைத்துனனுக்கு ஊசி என்றாலே பயம். சின்ன வயதில் அம்மை ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து நெல்லுப் பத்தாயத்துக்குள் ஒளிந்தவன். "அத்தான், கேக்கத நல்லாத்தான இருக்கு?" என்று என் முகத்தைப் பார்த்தான்.

வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று எதற்கும் 'ஆளைப் பிடித்து' வாங்கிப் பழகிய நமக்கு இதுவும் அப்படி ஒரு காகிதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மஞ்சள் அட்டையின் ஜாதகமே வேறு.

1927-ல் மஞ்சள் காய்ச்சலின் கிருமியைத் தேடி விஞ்ஞானிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் முகாம் போட்டிருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு கானாக்காரரின் ரத்தத்தில்தான் அது அகப்பட்டது. அவர் பெயர் அசிபி. அவர் பிழைத்துக்கொண்டார். ஆராய்ச்சி செய்தவர்கள் பிழைக்கவில்லை! அட்ரியன் ஸ்டோக்ஸ் என்பவர் அதே வருஷம் லாகோஸில் இறந்தார். ஜப்பானிய விஞ்ஞானி ஹிதேயோ நொகுச்சி மறுவருஷம் அக்ராவில் இறந்தார். இருவரையும் கொண்டுபோனது அதே காய்ச்சல்தான். அசிபியின் ரத்தத்தில் கிடைத்த கிருமியைப் பல்லைப் பிடுங்கிய பாம்பாக்கி 1937-ல் தடுப்பூசி செய்தார் மாக்ஸ் தெய்லர். 1951-ல் நோபல் பரிசு. இன்றும் உலகம் முழுக்கப் போடுவது அந்தக் குடும்பத்து ஊசியைத்தான். கானாவுக்குப் போகிறவன் கையில் ஏறுவது ஒரு கானாக்காரரிடமிருந்து வந்த மருந்து!

காய்ச்சல் முற்றினால் கண்ணும் உடம்பும் மஞ்சளாகும், ரத்தம் கசியும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் ஒன்றரை வாரத்துக்குள் போய்விடுகிறார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது.

'அவன் உயிர், அவன் பாடு' என்றும் விட முடியாது. இந்தக் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் கொசு. பேரைக் கேட்டதும் எங்கேயோ இடிக்கிறதா? டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான். 2012-ல் கடையநல்லூர் பக்கம் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று எங்கள் பகுதியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வீட்டுக்கு வீடு காய்ச்சல், நெல்லை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வரை கூட்டம், சின்னஞ்சிறுசுகளின் சாவு. கொசு நம் தண்ணீர்த் தொட்டியில் தயாராக இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் கிருமி மட்டும் இந்தியாவுக்குள் இன்றுவரை கால் வைக்கவில்லை. அதை ரத்தத்தில் சுமந்து ஒரே ஒருவன் சீசன் நேரத்தில் ஊர் திரும்பினால் போதும். மற்றதைக் கொசு பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான் கானா கேட்கிறதோ இல்லையோ, நம் நாடு திரும்பி வரும்போது கேட்கிறது. மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் வந்து இறங்கினால், சொந்த இந்தியக் குடிமகனாக இருந்தாலும், ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். கிருமி உடம்பில் வேலையைக் காட்ட எடுத்துக்கொள்கிற காலம் அது. பொய் அட்டை வைத்திருப்பவன் அந்த வலையிலும் விழாமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுவான். அதுதான் வில்லங்கம்.

இவ்வளவையும் சொன்னேன். ஏஜென்ட்டுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

தமிழ்நாட்டில் இந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகம், அப்புறம் தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகம். எங்களுக்குத் தூத்துக்குடி பக்கம். எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போகவேண்டும். ஒரே குப்பியில் பலபேருக்கான மருந்து; திறந்தால் சில மணி நேரம்தான் தாங்கும் என்பதால் இஷ்டத்துக்கு உடைக்க மாட்டார்கள்.

"முட்டை சாப்பிட்டா ஒத்துக்காம போகுமா?" என்று கேட்டார்கள். மருந்து கோழிக்கருவில் வளர்வதால் முட்டை அலர்ஜிக்காரர்களுக்கு ஆகாது. பார்டரில் முட்டைப் புரோட்டா நாலு சாப்பிட்டுவிட்டு 'இன்னிக்கு வயிறு சரியில்லை' என்று எழுந்திருக்கிற ஆளைப் பார்த்து இந்தக் கேள்வி! எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் போடமாட்டார்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் போடுவார். முதலாளி தான் போகாமல் கணக்குப்பிள்ளையை அனுப்பிய ரகசியம் எனக்கு அங்கேதான் விளங்கியது. அவருக்கு வயது அறுபத்தாறு.

அரை நிமிஷ வேலை. பத்தாயத்துக்கு அவசியமே வரவில்லை.

நாள் கணக்குதான் முக்கியம். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். கடையநல்லூர்க்காரர் ஒருவர் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, கிளம்ப நாலு நாள் இருக்கும்போது ஊசி போட்டிருக்கிறார். ஏர்போர்ட் கவுன்டரில் விரல் விட்டு எண்ணிப் பார்த்து ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். டிக்கெட் காசு அம்பேல்! முதலில் ஊசி, அப்புறம் விசா, கடைசியில்தான் டிக்கெட். நம் ஆட்கள் தலைகீழாகத்தான் செய்வார்கள். ஒரு ஆறுதல்: 2016 ஜூலை 11-லிருந்து இந்த அட்டைக்கு ஆயுள் முழுக்க மதிப்பு. பாஸ்போர்ட்டைப் பத்து வருஷத்தில் மாற்றவேண்டும், இதை வேண்டாம்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்ததும் மைத்துனன், "மூணு மாசம் போட்டுருக்கான் அத்தான், நெதானமா வரலாம்" என்றான். அது வேறு கணக்கு. விசாவிலுள்ள தேதி அதற்குள் நுழையவேண்டும் என்பதற்கு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அக்ராவில் அதிகாரி போடும் முத்திரைதான் சொல்லும். அவனுக்குப் பக்கத்து டோகோ நாட்டையும் பார்க்க ஆசை. அதன் தலைநகரம் லோமே கானா எல்லையை ஒட்டியே இருக்கிறது. அந்த வட்டாரத்து ஜனங்கள் விசா இல்லாமல் தங்களுக்குள் போய்வரலாம். நமக்கு டோகோவின் விசா தனி. ஒரே ஒருமுறை நுழைகிற கானா விசாவோடு வெளியே கால் வைத்தால் திரும்பி உள்ளே வருவதும் சிக்கல்.

மலேரியாவுக்கு ஊசி போதாது. டாக்டரிடம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டான். திரும்பி வந்தபின் காய்ச்சல் அடித்தால் முதல் வார்த்தையாக 'கானா போயிட்டு வந்தேன்' என்று சொல்லவேண்டும் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார்.

துபாய் வழியாகப் போனான், தடியை அளந்தான், பதினெட்டாம் நாள் திரும்பினான். வந்து இறங்கிய ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் கவுன்டருக்கு முன்னாலேயே ஒரு மேஜை போட்டு சுகாதார அதிகாரி உட்கார்ந்திருந்தாராம். எந்த நாட்டிலிருந்து வருகிறாய் என்று கேட்டு, அட்டையை வாங்கி, ஊசி போட்ட தேதியைப் பார்த்து, தூத்துக்குடி முத்திரையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாராம்.

"போங்க" என்றாராம்.